நெல்லையிலிருந்து சென்னைக்கு: வாகைக்குளமா, மதுரையா, வந்தே பாரத்தா?

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த மூன்று வருடத்தில் தூத்துக்குடி (வாகைக்குளம்) விமானம், மதுரை விமானம், வந்தே பாரத், நெல்லை எக்ஸ்பிரஸ் என எல்லாவற்றிலும் போய் வந்துவிட்டோம். தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இதே நிலைமை. "எதுல போனா நல்லது?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு என்று இணையத்தில் தேடினேன். ஏதோ ஒரு கணக்குப் பக்கம் தூரத்தைச் சொல்லி, பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம் என்றது. மதுரைக்குப் போட்டுப் பார்த்தால் தூரம் இன்னும் குறைவு, நேரமும் குறைவு. மதுரையில் விமானங்களும் அதிகம். அப்படியானால் மதுரைதான் என்று முடிவெடுத்து, அம்மாவை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி காரில் உட்காரவைத்தேன். கப்பலூரைத் தாண்டும்போது அம்மாவால் காலை நீட்டவே முடியவில்லை. விமானத்தில் ஏறும் முன்பே அவர் களைத்துவிட்டார்.

அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சொல்கின்றன. நம் வீடு ஓடுபாதையில் இல்லையே.

அந்தத் தூரம் எப்படி வருகிறது

நாமே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் சுமார் 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் கிட்டத்தட்ட 13 பாகை. வித்தியாசம் 4.3 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று வைத்தால், வடக்கு நோக்கி 475 கிலோமீட்டர் வரும். கிழக்கே நகரும் தூரம் ஏறக்குறைய 235 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால் கர்ணம் 530 கிலோமீட்டர் அளவில் நிற்கும். மதுரை விமான நிலையத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 420 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

ஆக இரண்டுக்கும் வித்தியாசம் வானத்தில் 110 கிலோமீட்டர். பறக்கிற வேகத்துக்கு அது பத்துப் பன்னிரண்டு நிமிட விஷயம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த நெல்லைக்காரர் தரையில் 150 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். இதை முதலிலேயே யோசித்திருந்தால் அம்மாவை அந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டேன்.

பறக்கும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்குப் பக்கங்கள் பெரும்பாலும் ஜெட் விமானத்தின் வேகத்தால், அதாவது மணிக்கு 800 கிலோமீட்டர் போல வைத்து, தூரத்தை வகுத்துவிட்டு ஏற இறங்க அரை மணி நேரம் சேர்க்கின்றன. வாகைக்குளத்திலிருந்து நெடுங்காலமாகச் சென்னைக்குப் பறந்து வருவது பெரும்பாலும் ஏடிஆர். இறக்கைக்குக் கீழே விசிறி சுற்றும் சின்ன விமானம், வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான். அதனால் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள். அது விமானம் நகராமலிருக்கச் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து சென்னையில் நின்று மறுபடி கட்டை போடும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். சென்னையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஓடுபாதைகள்தான். நெரிசலான நேரத்தில் வானத்திலேயே இரண்டு சுற்று சுற்றவைப்பதும் உண்டு. காற்றின் திசையைப் பொறுத்து சில நாள் கடல்மேல் போய்த் திரும்பி வந்து இறங்குவார்கள். எனவே ஒரே வழித்தடத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் முன்னால் இறங்குவதும் இன்னொரு நாள் இருபது நிமிடம் பிந்துவதும் சாதாரணம்.

மதுரையிலிருந்து ஜெட்டில் வந்தால் டிக்கெட்டில் ஒன்றே கால் மணி போல இருக்கும். தூரமும் குறைவு, வேகமும் அதிகம், ஆனாலும் மிச்சம் கால் மணி நேரம்தான். காரணம், இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடும், முழு வேகத்தில் ஓட அதற்கு வானமே கிடைப்பதில்லை. மதுரைக்கும் ஏடிஆர் ஓடுகிறது. முன்பதிவு செய்யும்போது விமான வகை என்னவென்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து எண்ணினால்

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து சென்னையில் அடையாறு போய்ச் சேரும்வரை.

வாகைக்குளம் வழி: கே.டி.சி. நகர், வல்லநாடு தாண்டி விமான நிலையத்துக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். முக்கால் மணி நேரம் போதும். ஆனால் வல்லநாட்டில் தாமிரபரணி ஆற்றுப்பாலத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்தால் இரண்டு பக்க வண்டியும் ஒரே பக்கத்தில் போகும், அப்போது இன்னும் பதினைந்து நிமிடம் கூட வையுங்கள். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே பெட்டி போடும் கவுண்டரை மூடிவிடுவார்கள். வயதானவரோடு போகும்போது ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பது நல்லது. பறக்க ஒன்றரை மணி, சென்னையில் பஸ்ஸில் ஏறி முனையத்துக்கு வந்து பெட்டியை எடுக்க அரை மணி, அடையாறுக்கு முக்கால் மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம்.

மதுரை வழி: காரில் மட்டும் இரண்டரை மணி நேரம். மற்றதெல்லாம் ஏறக்குறைய அதேதான். மொத்தம் ஆறரை மணி நேரம்.

வந்தே பாரத்: நெல்லை ஜங்ஷனுக்கு அரை மணி நேரம், எழும்பூர் வரை ஏழு மணி ஐம்பது நிமிடம், அங்கிருந்து அடையாறுக்கு முக்கால் மணி. ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும்.

டிக்கெட்டை மட்டும் பார்த்தால் விமானத்துக்கும் ரயிலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் தெரிகிறது. வாசலுக்கு வாசல் எண்ணினால் அது நாலு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. நீங்கள் போக வேண்டிய இடம் தாம்பரம், வண்டலூர் பக்கம் என்றால் இன்னும் சுருங்கும். வந்தே பாரத் தாம்பரத்தில் நிற்கிறது, எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை.

வாகைக்குளம் இப்போது பழைய வாகைக்குளம் இல்லை

முன்பு அங்கே ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர். அதில் சின்ன விமானங்கள் மட்டும்தான் இறங்க முடியும். முனையமும் ஒரு சின்ன கல்யாண மண்டபம் அளவுதான். இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் 17,340 சதுர மீட்டரில் புது முனையம் கட்டி, 2025 ஜூலை 26 அன்று திறந்தார்கள். பெரிய ஜெட் வந்து போகும் அளவுக்கு இடம் ஆகிவிட்டது. எத்தனை நிறுவனங்கள் வருகின்றன, எத்தனை நடை கூட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் பக்கத்துக்காரர்களுக்கு அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி என்று மூன்று மாவட்டத்து ஜனம் நம்பியிருக்கிற நிலையம் அது. நடைகள் கூட வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

ஏடிஆரில் அம்மா ஏறுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், முட்டி வலிக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். அந்த விமானத்துக்குப் பின்பக்கம்தான் வாசல். கதவே கீழே சாய்ந்து படிக்கட்டாகிவிடும். சில படிகள்தான், ஆனால் குறுகலானவை. கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையை என் தோளில் போட்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். உள்ளே போனால் வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு இருக்கைகள். இருக்கை எடுக்கும்போது பின்வரிசையாக எடுங்கள், வாசல் பக்கம் என்பதால் நடை மிச்சம். முன்வரிசைதான் வசதி என்று நினைத்து நான் முதலில் முன்னால் எடுத்துவிட்டேன். அம்மா அந்தக் குறுகிய நடைபாதை முழுக்க இருக்கை முதுகுகளைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதாகிவிட்டது.

இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தரை தெரியும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் உப்பளங்கள் தெரிந்தன. பாத்தி பாத்தியாக, சிலது வெள்ளை, சிலது இளஞ்சிவப்பு. அம்மா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "எய்யா, இப்பதான உக்காந்தோம், அதுக்குள்ள எறங்கச் சொல்லுதாவ?" என்றார். முட்டியை மடக்கி உட்கார்ந்த நேரம் அவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த வார்த்தையே போதுமாக இருந்தது.

சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே குறித்துவிடுங்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. சென்னையில் இறங்கிய பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. செயலியில் பதிவு செய்த வாடகைக் காரில் ஏற முனையத்துக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்குப் பேட்டரி கார் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நடக்கவைக்காதீர்கள். தனியாகப் போகிற இளவட்டம் என்றால் மெட்ரோ விமான நிலையத்திலிருந்தே கிளம்புகிறது, எதிரே திரிசூலத்தில் மின்சார ரயிலும் இருக்கிறது.

மதுரை யாருக்கு?

கோவில்பட்டிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு மதுரை சரி. சாத்தூர், விருதுநகர் என்றால் யோசிக்கவே வேண்டாம். நெல்லைக்காரருக்கு மதுரை இரண்டு சமயத்தில்தான் கணக்குக்கு வரும். ஒன்று, சென்னை இல்லாமல் வேறு பெருநகருக்கோ வெளிநாட்டுக்கோ நேராகப் போவது. இன்னொன்று, கட்டாயம் அன்றைக்கே போய்ச் சேர வேண்டிய காரியம். மதுரையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததைப் பிடிக்க வழி உண்டு. வாகைக்குளத்தில் அந்த வசதி குறைவு. ஒரு தடவை நாங்கள் வாகைக்குளத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சென்னையில் மழை, அங்கிருந்து வர வேண்டிய விமானமே கிளம்பவில்லை. ஏன் தாமதம், எப்போது வரும் என்று அந்த நிறுவனத்தின் ஆட்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருத்துவரிடம் வாங்கியிருந்த நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகு போகிற அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பதாக நான் நேரம் வாங்குவதில்லை.

மதுரைக்கு ஒருவழி வாடகைக் கார் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. சொந்தக் காரானாலும் கயத்தாறு, சாத்தூர், கப்பலூர் என்று டோல்கேட் வரிசையாக வரும். தனி ஆளாக இருந்தால் மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறி, சுற்றுச்சாலையில் மண்டேலா நகரில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடலாம். விமான டிக்கெட்டில் ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று மதுரைக்குப் போடுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

திருவனந்தபுரம் நாகர்கோவில், மார்த்தாண்டம்காரர்களுக்குப் பக்கம். நெல்லையிலிருந்து அங்கே போய்ச் சென்னைக்கு ஏறுவது தெற்கே போய் வடக்கே திரும்பும் வேலை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வந்தே பாரத்

2023 செப்டம்பர் 24 அன்று இந்த ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து நெல்லைக்காரர்களின் பயணக் கணக்கே மாறிவிட்டது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குள் எழும்பூர். சுமார் 650 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. எட்டுப் பெட்டியோடு தொடங்கியது, இடம் கிடைக்காமல் ஜனம் அலைமோதியதும் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சேர் கார் டிக்கெட் 1,600 - 1,700 ரூபாய் அளவில். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலின் பெரிய நன்மை, நடக்க இடம் இருக்கிறது. அம்மாவுக்கு மருத்துவர் சொன்னது, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும் என்று. வந்தே பாரத்தில் அது முடிகிறது. திண்டுக்கல் தாண்டும்வரை இரண்டு தடவை, திருச்சி வரை இன்னொரு தடவை என்று நடந்துவிட்டு வருவார். கழிப்பறையும் பக்கத்திலேயே. காரில் இரண்டரை மணி நேரம் மடங்கி இருப்பதைவிட ரயிலில் எட்டு மணி நேரம் அவருக்கு இலேசாக இருந்தது என்று அவரே சொன்னார். நான் எதிர்பார்க்காத பதில் அது. மணி நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த நேரம் எந்த நிலையில் கழிகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

குறை என்று பார்த்தால், மதியம் போய்ச் சேர்வதால் காலை வேலை எதுவும் நடக்காது. மறுநாள் காலை மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி அறை எடுக்கும் செலவு கூடும். தனியாகப் போகும்போது நான் இன்னும் நெல்லை எக்ஸ்பிரஸைத்தான் நம்புகிறேன். இரவு சாப்பிட்டு ஏறிப் படுத்தால் காலையில் சென்னை, அறை வாடகையும் மிச்சம். அம்மாவுக்குக் கீழ் பெர்த் உறுதியாகக் கிடைத்தால் மட்டும் அதில் கூட்டிப்போவேன். ஆம்னி பஸ்ஸை முட்டி வலிக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மழை மாதத்தில்

நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் வெள்ளம் நம் பக்கம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறாக்கிக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் விமானமும் இல்லை, ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. அதனால் அவசரமில்லாத பரிசோதனையை ஜனவரி கடைசிக்குத் தள்ளிவைத்துவிடுகிறேன். ஏடிஆர் ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறக்கும், மழை மேகத்துக்குள் குலுக்கலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆபத்தில்லை, ஆனால் தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

விலையைப் பற்றி உறுதியாக ஒரு எண் சொல்ல முடியாது. ஒரு மாதம் முன்னால் போட்டபோது எங்களுக்கு வாகைக்குளம் - சென்னை ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் அதே இருக்கை பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த வாரங்களில் விமானத்தைத் தேடவே வேண்டாம். ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது, அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் முறை இது. போகும்போது வாகைக்குளம் விமானம், மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தின நாளே. முட்டியில் வீக்கமில்லாமல் போய்ச் சேர்ந்தால்தான் மறுநாள் மருத்துவர் சரியாகப் பார்க்க முடிகிறது. திரும்பும்போது அவசரம் எதுவும் கிடையாது, அதனால் மதியம் எழும்பூரில் ஏறி வந்தே பாரத். இரவு பதினொரு மணிக்குள் நெல்லை வந்துவிடும், தம்பி காரோடு ஜங்ஷனில் நிற்பான்.

அடுத்த பயணத்துக்கான ரயில் முன்பதிவு இன்று காலை எட்டு மணிக்குத் திறந்தது. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டது.